பறப்பதற்கும் பணம் கட்ட வேண்டுமா?

வாசகர் கேள்வி – பதில்

அண்மையில் சுங்கை சிப்புட்டில் நடந்த கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் விமானிப் பயிற்சியைப் பற்றிப் பேசியிருந்தேன். அதன் பிறகு அந்த வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் நான்கிற்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். உரிமம் எடுத்து முடித்த பிள்ளைகளிடம், வேலைக்காக இன்னும் ஒரு தொகை கட்டச் சொல்லும் திட்டங்களைப் பற்றி முதல் இரண்டு கடிதங்கள் கேட்கின்றன; மற்ற இரண்டும் பயிற்சி ஒப்பந்தத்துக்குப் பிணை நிற்பதையும், எந்த உரிமத்தை எடுப்பது என்பதையும் கேட்கின்றன. எழுதியவர்களின் பெயர்களையும் அவர்கள் குறிப்பிட்ட நிறுவனங்களின் பெயர்களையும் விட்டுவிட்டேன்.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயாவுக்கு வணக்கம். நான் செம்பனை ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். என் இளைய மகன் வணிக விமானி உரிமம் எடுத்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. அந்தப் படிப்புக்கே வீட்டை அடமானம் வைத்தோம். இதுவரை எந்த விமான நிறுவனமும் கூப்பிடவில்லை. இப்போது ஓர் ஏஜெண்டு, ஏ320 விமானத்துக்கான டைப் ரேட்டிங்கும், வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் 500 மணி நேரம் துணை விமானியாகப் பறக்கும் வாய்ப்பும் சேர்த்து 210,000 வெள்ளி (ரிங்கிட்) என்கிறார். டைப் ரேட்டிங்கிற்கு 95,000, பறப்பதற்கு 115,000. என் சேமநிதியில் மீதமிருக்கும் 60,000 வெள்ளியைத் தந்துவிடலாம். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் என் மூத்த மகள், தம்பிக்காக 150,000 வெள்ளி தனிநபர் கடன் எடுக்கத் தயாராக இருக்கிறாள். ஏஜெண்டு கொடுத்த தாளின் நகலை இணைத்திருக்கிறேன். கட்டலாமா?

பதில்: ஐயா, வணக்கம். கட்ட வேண்டாம். இதைத் தயக்கமில்லாமல் சொல்வதற்குக் காரணங்கள் இருக்கின்றன. உங்கள் மகனுக்கும் மகளுக்கும் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள்.

நீங்கள் அனுப்பிய தாளில் இரண்டு வேறுபட்ட பொருள்களை ஒரே விலைக்குள் போட்டிருக்கிறார்கள். டைப் ரேட்டிங் என்பது ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான தகுதி. வகுப்பறைப் பாடம் முடிந்ததும், விமானி அறையைப் போலவே தரையில் அமைத்த சிமுலேட்டர் என்ற பயிற்சிக் கருவியில், நான்கு மணி நேரம் நீளும் அமர்வுகள் தொடங்கும். பாதி நேரம் ஒருவர் ஓட்ட மற்றவர் துணை நிற்பார், பிறகு இருவரும் மாறிக்கொள்வார்கள். ஓடுபாதையில் இனி நிறுத்த முடியாது என்ற வேகத்தைத் தொட்ட நொடியில் ஓர் எஞ்சின் அணையும். கால் சுக்கானை அழுத்தி விமானத்தை நேராக வைத்து, அதன்பின் நிதானமாகக் கணினித் திரையைப் படிக்க வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் செய்து கடைசியில் தேர்வு எழுதுவதைப் போல ஒரு பரிசோதகர் முன் செய்து காட்ட வேண்டும். இது பயிற்சி. இதற்குக் கட்டணம் கேட்பதில் தவறில்லை. யார் கட்டுவது என்பதுதான் கேள்வி.

மற்றது, அந்த 500 மணி நேரம். பயணிகள் டிக்கெட் வாங்கி அமர்ந்திருக்கும் விமானத்தில், சட்டப்படி இரண்டாவது விமானி இல்லாமல் கிளம்பவே முடியாத விமானத்தில், அந்த இரண்டாவது இருக்கையில் உங்கள் மகன் உட்காருவார். அந்த வேலைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய நிறுவனம், அவரிடமிருந்தே மணிக்கு 230 வெள்ளி வாங்கிக்கொள்கிறது. பால்மரம் வெட்டுகிறவரிடம் தோட்ட நிர்வாகம் மரத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு பாலையும் எடுத்துக்கொண்டால் நம் பெரியவர்கள் சும்மா இருந்திருப்பார்களா? துணை விமானி மாதத்துக்கு ஏறக்குறைய 70 மணி நேரம் பறப்பார் என்று வைத்தால், 500 மணி நேரத்துக்கு ஏழு மாதத்துக்கு மேல் ஆகும். அந்த ஏழு மாதமும் வெளிநாட்டில் வாடகை, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் உங்கள் கையிலிருந்து போகும். தாளில் அந்தச் செலவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

புதிய துணை விமானி, பயிற்சியளிக்கும் கேப்டனோடு பயணிகள் விமானத்தில் பறந்து பழகுவது எல்லா நிறுவனங்களிலும் உண்டு. லைன் டிரெய்னிங் என்று அதற்குப் பெயர். தொடக்கத்தில் சில பயணங்களுக்குப் பின்னிருக்கையில் அனுபவமுள்ள இன்னொரு விமானியும் பாதுகாப்புக்காக உட்காருவார். நான் பயிற்சிக் கேப்டனாக இருந்த காலம் முழுவதும், எனக்கு வலப்புறம் அமர்ந்து பழகிய பிள்ளைகள் நிறுவனத்தின் ஊழியர்கள். குறைந்த சம்பளமாக இருந்தாலும் சம்பளம் வாங்கியவர்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்ததும் அதே நிறுவனம்தான் என்பதால், அவர்கள் தேறிவர வேண்டும் என்ற அக்கறை நிறுவனத்துக்கு இருந்தது. காசு கட்டி வந்தவர் 500 மணி முடிந்ததும் இறங்கிக்கொள்வார், அடுத்தவர் காசோடு ஏறுவார் என்ற ஏற்பாட்டில் அந்த அக்கறைக்கு இடமில்லை. அதைவிட, இப்படி ஓர் இருக்கை விற்கப்படும் ஒவ்வொரு தடவையும் சம்பளத்தோடு கூடிய ஒரு வேலை காணாமல் போகிறது. உங்கள் மகன் ஒன்றரை ஆண்டாகத் தேடிக்கொண்டிருக்கும் வேலை அதுதான்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய விமானிகளின் கூட்டமைப்பான ஐரோப்பிய காக்பிட் சங்கம் இந்த முறையை நெடுங்காலமாக எதிர்த்துவருகிறது. அமெரிக்காவிலும் சிறிய விமானங்களில் துணை விமானி இருக்கையை விற்ற பள்ளிகள் இருந்தன. 2009 பிப்ரவரி 12ஆம் நாள் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் உயிரிழந்தார்கள். அதன் கேப்டன் முன்பு அத்தகைய ஒரு பள்ளியில் பயின்றவர் என்பது வெளிவந்தபோது அங்கே பெரும் விவாதம் எழுந்தது. விபத்துக்கு அந்தப் பள்ளிதான் காரணம் என்று விசாரணை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அதன் விளைவாக 2010இல் வந்த சட்டம், பயணிகள் விமானத்தின் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேர அனுபவம் வேண்டும் என்று ஆக்கியது. பணம் கட்டியவர் தயங்காமல் தன் தவற்றைச் சொல்வாரா, களைப்பாக இருக்கும்போது இன்று பறக்க முடியாது என்று சொல்வாரா என்பதே எனக்குள்ள கவலை. கட்டிய மணிகள் தீரும்வரை நிறுவனத்தைப் பகைத்துக்கொள்ள அவருக்கு மனம் வராது.

இனி உங்கள் மகளின் கடன். வங்கி உங்களிடம் 5 விழுக்காடு நிலையான வட்டி என்று சொல்லியிருந்தால், அது 150,000 வெள்ளிக்கு ஆண்டுக்கு 7,500, பத்து ஆண்டுக்கு 75,000 வெள்ளி. மாதத் தவணை 1,875 வெள்ளி. அசல் குறையக் குறைய வட்டி குறையாத கணக்கு என்பதால், உண்மையில் அவர் கட்டும் வட்டி விகிதம் ஆண்டுக்கு 8.5 விழுக்காட்டையும் தாண்டும். தம்பிக்கு வேலை கிடைக்காவிட்டாலும் ஒவ்வொரு மாதமும் அந்த ஆசிரியையின் சம்பளத்திலிருந்து இது பிடிக்கப்படும். அவருடைய திருமணம், வீடு, பிள்ளைகள் எல்லாம் இந்தத் தவணைக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். உங்கள் 60,000 வெள்ளி, நீங்களும் உங்கள் துணைவியாரும் முதுமையில் மருந்து வாங்குவதற்கு இருக்கும் பணம். அதைத் தொடாதீர்கள்.

தாளின் மறுபக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. நகலில் மங்கியிருந்தாலும் படிக்க முடிகிறது. இத்திட்டம் வேலைவாய்ப்புக்கு உத்தரவாதம் அளிக்காது என்பது அதன் பொருள். முகப்பில் விமானத்தின் முன்னால் சீருடையோடு நிற்கும் இளைஞர்களின் படத்தைப் போட்டுவிட்டு, இதை மறுபக்கத்தில் போட்டிருக்கிறார்கள்.

அவர்கள் சொல்லாத இன்னும் சில உண்டு. உங்கள் மகனைப் போலக் குறைந்த மணிகள் உள்ளவருக்குச் சிமுலேட்டர் மட்டும் போதாது. பயணிகள் இல்லாத உண்மையான விமானத்தைப் பல முறை மேலெழுப்பித் தரையிறக்கிக் காட்ட வேண்டும், ஆறு முறை என்பது வழக்கம். ஒரு ஏ320 விமானத்தை அதற்காகப் பறக்கவிடுவது பெருஞ்செலவு. 95,000 வெள்ளியில் அது அடங்குமா என்று தாளில் இல்லை. வெளிநாட்டில் எடுக்கும் தகுதியை நம் நாட்டு உரிமத்தில் பதிய மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் ஏற்குமா என்பதும் இல்லை. எந்த விசாவில் அங்கே பறப்பார் என்பதும் இல்லை. டைப் ரேட்டிங் ஓராண்டுக்குத்தான் செல்லும்; வேலை இல்லாமல் ஓராண்டு போனால் மறுபடியும் சிமுலேட்டருக்குக் காசு கட்டித்தான் அதைப் புதுப்பிக்க முடியும். அது மட்டுமல்ல, நம் நாட்டில் ஏர் ஏசியா ஏ320 வகையையும், மலேசியா ஏர்லைன்ஸும் பாத்திக் ஏரும் போயிங் 737 வகையையும் வைத்திருக்கின்றன. வேலை கையில் இல்லாமல் ஒரு வகையைத் தேர்ந்தெடுப்பவர், மற்ற வகை வைத்திருப்பவர்களிடம் அந்தச் செலவுக்கு எந்தப் பயனும் காண மாட்டார்.

முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டச் சொல்வது எனக்கு எல்லாவற்றையும்விட அச்சம் தருகிறது. 2023இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் பல ஆண்டுகளாக நடந்துவந்த டேசைட் ஏவியேஷன் பறப்புப் பள்ளி மூடப்பட்டபோது, முன்பணம் கட்டிய மாணவர்கள் நடுவழியில் நின்றார்கள். அதே ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் நம் நாட்டில் மைஏர்லைன் ஒரே நாளில் சேவையை நிறுத்தியது. பெரிய அலுவலகமும் புதிய விமானமும் இருப்பதால் பணம் பத்திரம் என்று எண்ண வேண்டாம்.

உங்கள் மகன் என்ன செய்யலாம் என்பதை அடுத்த கடிதத்துக்கான பதிலில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நானும் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவள். உரிமம் எடுத்துவிட்டு இப்போது டியூஷன் சொல்லிக்கொடுக்கிறேன். என்னோடு படித்தவர்களில் இருவர் காசு கட்டி டைப் ரேட்டிங் எடுத்தார்கள், இருவருக்கும் வேலை கிடைத்துவிட்டது. ஐரோப்பாவில் பெரிய நிறுவனங்களிலேயே இது வழக்கம் என்கிறார்கள். கோயிலுக்குப் போனால்கூட, "இன்னும் வேலை கிடைக்கலையாம்மா?" என்று கேட்கிறார்கள். கட்டாமல் காத்திருப்பது என் வாய்ப்பை நானே கெடுத்துக்கொள்வதாகாதா?

பதில்: மகளே, கோயிலில் கேட்பவர்கள் கேட்கட்டும். அவர்கள் கேள்விக்குப் பதிலாக உன் குடும்பம் கடன்பட வேண்டியதில்லை.

ஐரோப்பாவைப் பற்றி நீ கேள்விப்பட்டது பாதி உண்மை. ரயன்ஏர் போன்ற நிறுவனங்கள் டைப் ரேட்டிங் செலவை விமானியே ஏற்கும் முறையை நெடுநாள் வைத்திருந்தன. எனக்கு அது பிடித்தமான முறையல்ல. ஆயினும் அங்கே நிறுவனம் முதலில் தேர்வு வைத்து ஆளை எடுத்துக்கொள்கிறது, பயிற்சி அதன் பிறகு வருகிறது, தேறியவர் அதே நிறுவனத்தின் விமானத்தில் ஏறுகிறார். ஆகவே உன் தோழர்களிடம் ஒன்றைக் கேள்: வேலைக் கடிதம் முதலில் வந்ததா, பணம் முதலில் போனதா? கடிதம் முதலில் வந்திருந்தால், அவர்கள் செய்தது வேறு, உனக்குச் சொல்லப்படுவது வேறு. பணம் முதலில் போயிருந்தால், அவர்களுக்கு வாய்த்தது நல்லதுதான். ஆனால் கட்டிவிட்டு வீட்டில் இருப்பவர்கள் அதை ஊரில் சொல்லிக்கொள்வதில்லை என்பதையும் நினைவில் வை.

ஒரு நிறுவனம் உன்னைத் தேர்வு செய்து, சம்பளமும் தொடக்க நாளும் எழுதிய கடிதத்தைக் கொடுத்து, டைப் ரேட்டிங் செலவைச் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்கிறோம் என்றால், அதை உட்கார்ந்து யோசிக்கலாம். பிடித்தம் போக மீதியில் வாடகையும் சாப்பாடும் நடக்குமா என்று கணக்குப் போட்டுவிட்டுக் கையெழுத்திடு. கடிதம் இல்லாத இடத்தில் ஒரு வெள்ளியும் கட்டாதே.

காத்திருக்கும் காலத்தில் செய்வதற்கு நிறைய இருக்கிறது. வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான கருவிப் பறப்புத் தகுதி ஓராண்டுக்குத்தான் செல்லும், முதல் வகுப்பு மருத்துவச் சான்றும் உன் வயதில் ஓராண்டுதான். இவை இரண்டும் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள். எந்த நிறுவனம் திடீரென ஆள் கேட்டாலும், முதல் நாளிலேயே தாள்களைத் தூக்கிக்கொடுப்பவர்தான் வரிசையில் முன்னால் நிற்பார். உன் மாதச் சேமிப்பு இதற்குப் போகட்டும்.

கையில் கொஞ்சம் பணமிருந்தால் நான் முதலில் சொல்வது பயிற்றுநர் தகுதி. நீ டியூஷன் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் இதை இன்னும் உறுதியாகச் சொல்கிறேன். டைப் ரேட்டிங்கை விடச் செலவு மிகக் குறைவு. பறப்புப் பள்ளியில் பயிற்றுநராகச் சேர்ந்தால் சம்பளம் கிடைக்கும், மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொரு மணியும் நீயே பொறுப்பு விமானியாகப் பறந்த மணியாக உன் பதிவேட்டில் ஏறும். மாணவன் விமானத்தைத் தரையிறக்கும்போது எங்கே தவறு செய்யப்போகிறான் என்பதை அவனுக்கு முன்னால் கண்டுகொள்ளும் பழக்கம் பின்னாளில் கேப்டன் இருக்கையில் உனக்கு உதவும். நான் தேர்வு வைத்தபோது, பயிற்றுநராக இருந்துவந்த பிள்ளைகள் சிமுலேட்டரில் பதறாமல் பேசுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஏ320 மட்டுமே விமானம் என்று நினைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடு. ஃபயர்ஃபிளை ஏடிஆர் 72 வகையை ஓட்டுகிறது. அப்படிச் சுழலிகளால் இயங்கும் இரட்டை எஞ்சின் விமானத்தில் தொடங்கிப் பெரிய விமானத்துக்குப் போனவர்கள் ஏராளம். விமான நிறுவனங்களின் பறப்புத் திட்டமிடல் பிரிவில் தரைவேலைக்கும் விண்ணப்பம் போடு. வானிலை, எரிபொருள், பாதை எல்லாவற்றையும் அங்கே நாள்தோறும் பார்ப்பாய். உள்ளே ஆள் எடுக்கும் செய்தியும் முதலில் காதில் விழும்.

காசு கட்டலாம் என்று நான் சொல்வது ஒன்றே ஒன்றுக்கு. நேர்காணலுக்கு அழைப்பு வந்ததும், செப்பாங்கிலோ வேறிடத்திலோ சில மணி நேரம் சிமுலேட்டரை வாடகைக்கு எடுத்து, தெரிந்த பயிற்றுநர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு பழகு. நீண்ட நாள் பறக்காத கை முதல் அரை மணியில் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தைத் தேர்வாளர் முன் காட்டாமல் முந்திய வாரமே முடித்துவிடலாம்.

கேள்வி: வணக்கம் ஐயா. என் அண்ணன் மகனை ஒரு விமான நிறுவனம் தேர்வு செய்திருக்கிறது. பயிற்சிச் செலவு முழுவதும் அவர்களுடையது. ஆனால் ஐந்து ஆண்டு வேலை செய்ய வேண்டும், இடையில் விலகினால் 180,000 வெள்ளி கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம். பிணையாளராக என்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். நான் அரசாங்கக் கிளினிக்கில் தாதி. அத்தை மறுத்தால் குடும்பத்தில் மனத்தாங்கல் வரும். போடலாமா?

பதில்: அம்மா, முதலில் உங்கள் மருமகனுக்கு என் வாழ்த்து. நிறுவனம் செலவு செய்து, வேலையும் கொடுத்து, சில ஆண்டுகள் இருக்கச் சொல்வது முறையான ஏற்பாடுதான். மேலே எழுதிய திட்டங்களோடு இதைச் சேர்க்க வேண்டாம். ஆனால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தொகை மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வருமா என்று பாருங்கள். ஐந்தாண்டு என்றால் 60 மாதம். மாதம் 3,000 வெள்ளி குறைந்தால் நான்காம் ஆண்டு முடிவில் 36,000தான் நிற்கும். கடைசி நாள்வரை முழு 180,000 என்று எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். அடுத்து, நிறுவனமே ஆட்குறைப்புச் செய்தாலோ சேவையை நிறுத்தினாலோ மருமகனுக்கும் உங்களுக்கும் பொறுப்பில்லை என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். 2020இல் எல்லைகள் மூடப்பட்டபோது எத்தனை விமானிகள் வேலை இழந்தார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். பயிற்சியில் தேறாவிட்டாலும், உடல்நலக் காரணத்தால் மருத்துவச் சான்றை இழந்தாலும் என்ன ஆகும் என்பதும் தாளில் இருக்க வேண்டும்.

1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் குறித்த தொகைக்கு மேற்படாமல் நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் அளிக்கும். ஆகவே எழுதிய தொகை அப்படியே விழும் என்பதில்லை. ஆனால் அதை வாதாட நீதிமன்றப் படி ஏற வேண்டும், பிணையாளர் என்ற முறையில் உங்கள் பெயரும் அந்த வழக்கில் இருக்கும். ஈப்போவில் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒப்பந்தத்தைக் காட்டி, சில நூறு வெள்ளி செலவானாலும் படிக்கச் சொல்லிவிட்டு முடிவெடுங்கள். அந்தச் செலவை உங்கள் அண்ணன் ஏற்கட்டும், கேட்பதில் தவறில்லை.

கேள்வி: என் மகள் இந்த ஆண்டு எஸ்பிஎம் எழுதுகிறாள். விமானி ஆக வேண்டும் என்கிறாள். வழக்கமான உரிமத்தை எடுப்பதா, ஒரு நிறுவனத்தோடு இணைந்த எம்பிஎல் உரிமத்தை எடுப்பதா?

பதில்: எம்பிஎல் (மல்டி-குரூ பைலட் லைசென்ஸ்) என்பது 2006இல் அனைத்துலக விதிகளில் சேர்க்கப்பட்ட உரிமம். தொடக்கத்திலிருந்தே ஒரு நிறுவனத்தின் ஒரு வகை விமானத்துக்காக, பெரும்பகுதி சிமுலேட்டரில் பயிற்றுவிப்பார்கள். அந்த நிறுவனம் எடுத்துக்கொண்டால் நல்ல வழி. இடையில் கைவிட்டால், அந்த உரிமத்தோடு வேறிடத்தில் வேலை தேடுவது வழக்கமான உரிமம் உள்ளவரைவிடக் கடினம். நிறுவனம் எழுத்தில் பொறுப்பேற்காவிட்டால் வழக்கமான உரிமத்தையே எடுக்கட்டும்.

ஆனால் எந்தப் பள்ளியிலும் பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன்னால், ஆணையம் அங்கீகரித்த மருத்துவரிடம் முதல் வகுப்பு மருத்துவச் சான்றை எடுக்கச் சொல்லுங்கள். நிறக்குருடும் இதயத்துடிப்புக் கோளாறும் பல வேளைகளில் அங்கேதான் முதன்முதலாகத் தெரியவருகின்றன. எஸ்பிஎம் முடிவு வருவதற்குள் அதை முடித்துவிடலாம்.